மடக்குக் கத்தியைத் தினமும் கூடவே வைத்துக்கொள்ளலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். உங்களுடையது அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. அப்பா வைத்திருந்த சிவப்புப் பிடி ஸ்விஸ் மடக்குக் கத்தி ஒன்று மேசை இழுப்பறையில் துருவேறி இறுகிக் கிடக்கிறது. அதைச் சரிசெய்து தினமும் பையில் வைத்துக்கொள்வதா, இல்லை குறடு வைத்த புது மல்டி-டூல் ஒன்று வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், "உங்களுக்கு எதற்குக் கத்தி என்று மனைவி கேட்கிறார்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் முதல் கேள்வியாகத் தெரிகிறது. மாடல் பற்றி அப்புறம் பேசலாம். கத்தி என்று பெயர் பெற்ற ஒன்றைத் தினமும் உடம்போடு வைத்திருக்க உங்களுக்குக் காரணம் இருக்கிறதா, இருந்தால் யாருக்கும் காயமோ கலவரமோ இல்லாமல் அதை எப்படி வைத்திருப்பது? இதற்குப் பதில் கிடைத்தால் மற்றதெல்லாம் தானாக அமையும்.

நான் மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்க்கும் டெக்னீஷியன், இருபத்திரண்டு வருட அனுபவம். பெரிய கருவிப்பெட்டி எப்போதும் வண்டியில் இருக்கும். ஆனால் நாலாவது மாடியில் ஒரு படுக்கையின் சக்கர ஸ்க்ரூ தளர்ந்திருக்கும்போது பெட்டி கீழே இருந்து என்ன பயன்? அப்படித்தான் மடக்குக் கத்தி என் பைக்கு வந்தது. கருவிகளைப் பற்றியும், அவை கையை வெட்டும் விதத்தைப் பற்றியும் நான் உறுதியாகப் பேச முடியும். சட்டம் பற்றிச் சொல்வதை மட்டும் ஒரு வழிகாட்டியாக எடுத்துக்கொண்டு, உங்கள் ஊர் விதியை நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நான் வக்கீல் அல்ல.

தேவைப்படுமா என்பதற்கு: படும், ஆனால் நீங்கள் நினைக்கும் பகுதி அல்ல. என் கத்தியில் அதிகம் உழைப்பது கத்தரி. அதற்கு அடுத்து ஸ்க்ரூ டிரைவர்கள், பிறகு சாமணம். வெட்டும் அலகு நாலாவதாகத்தான் வரும், அதுவும் பெரும்பாலும் பார்சல் டேப்பைக் கிழிக்க. பிரிந்து தொங்கும் நூல், உடைந்த நகம், விரலில் ஏறிய சிராய், கண்ணாடிக் காலில் கழன்ற பொடி ஸ்க்ரூ, பேட்டரி மூடி, ஆடும் நாற்காலிக் கை. அலுவலகத்தில் நடக்கும் சிறு இடைஞ்சல்களில் பாதி இவைதான். இதை என் வார்த்தைக்காக நம்ப வேண்டாம். எதுவும் வாங்குவதற்கு முன், இரண்டு வாரம் ஒரு துண்டுத் தாளைப் பையில் வைத்திருங்கள். "ஒரு கத்தரி இருந்தால் தேவலை", "ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் தேவலை" என்று தோன்றும் ஒவ்வொரு முறையும் அந்தக் கருவியின் பெயரைக் குறியுங்கள். தாள் காலியாகவே இருந்தால் வீட்டில் கேட்ட கேள்வி நியாயமானது, கத்தி இழுப்பறையிலேயே இருக்கட்டும். நிறைந்தால், அந்தத் தாளைக் காட்டுவதைவிட நல்ல பதில் கிடையாது.

இந்தக் கத்தி பிறந்த கதையும் இதையேதான் சொல்கிறது. சுவிட்சர்லாந்து ராணுவத்துக்கு 1889-இல் ஒரு புதுத் துப்பாக்கி வந்தது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஸ்க்ரூ டிரைவர் தேவைப்பட்டது. அந்தத் தேவையையும் சிப்பாயின் சாப்பாட்டு டப்பாவையும் மனதில் வைத்து 1890 மாடல் மடக்குக் கத்தி உருவானது: ஓர் அலகு, ஒரு குத்தூசி, ஒரு டப்பா திறப்பான், ஒரு ஸ்க்ரூ டிரைவர். நான்கில் மூன்று, கத்தியே அல்ல. முதல் தொகுதி ஜெர்மனியின் சோலிங்கனில் செய்யப்பட்டது. 1891-இல் கார்ல் எல்சனர் என்ற சுவிஸ் கத்திக் கொல்லர் அந்த வேலையைத் தன் நாட்டுக்குக் கொண்டுவந்தார். 1897-இல் அவர் பதிவு செய்த 'அதிகாரி கத்தி'தான் உங்கள் அப்பாவின் கத்திக்கு மூதாதை. அதில் அவர் செய்த ஒரு காரியத்தை நான் இன்றும் வியந்து பார்க்கிறேன். முதுகில் இருக்கும் ஸ்பிரிங் தகடு ஒரு பக்கத்துக் கருவிகளை மட்டும் தாங்கிக்கொண்டிருந்தது. அதே தகட்டை இரண்டு பக்கத்துக்கும் வேலை செய்ய வைத்துவிட்டார். கனம் அவ்வளவாக ஏறாமல் கருவிகளின் எண்ணிக்கை கூடியது இப்படித்தான். கத்தியைக் கையில் எடுத்து அலகைப் பாதி திறந்து பாருங்கள், முதுகுத் தகடு மெல்ல எழும்பி அமர்வது கண்ணுக்கே தெரியும்.

குறடு வைத்த ரகம் வேறு வழியில் வந்தது. டிம் லெதர்மன் என்ற அமெரிக்கர் 1975-இல் மனைவியுடன் ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றினார். காரும் மக்கர் செய்தது, தங்கிய விடுதிகளின் குழாய்களும் ஒழுகின. பையில் இருந்த மடக்குக் கத்தியை வைத்துச் சமாளித்தவர், ஒவ்வொரு முறையும் ஒரு குறடுக்காக ஏங்கியிருக்கிறார். ஊர் திரும்பி வருடக்கணக்கில் உழைத்து 1980-இல் காப்புரிமை வாங்கினார், 1983-இல்தான் முதல் கருவி விற்பனைக்கு வந்தது. ஆக, குறடு ரகம் ஒழுகும் குழாய்க்கும் நின்றுபோன காருக்கும் பிறந்த பிள்ளை. உங்கள் நாளில் அவை எத்தனை முறை வருகின்றன என்று அந்தத் தாளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். முழு அளவுக் குறடு உள்ள லெதர்மன் வேவ் போன்ற ஒன்று சுமார் 240 கிராம். உங்கள் அப்பாவுடையதைப் போல 91 மில்லிமீட்டர் நீளமும் கத்தரியும் உள்ள ஸ்விஸ் கத்தி சுமார் 80 கிராம். சாவிக்கொத்தில் தொங்கும் 58 மில்லிமீட்டர் ரகம் 20 கிராமைச் சற்றுத் தாண்டும். 240 கிராம் கால்சட்டைப் பையில் இருந்தால் நடக்கும்போதெல்லாம் தொடையில் இடிக்கும். முதல் வாரம் பெருமையாக இருக்கும், மூன்றாவது வாரம் மேசைக்குப் போய்விடும். தேவைப்படும் நேரத்தில் உங்களோடு இல்லாத கருவி எவ்வளவு நல்லதாக இருந்தும் என்ன? அதனால் உங்களுக்கு என் சிபாரிசு அப்பாவின் கத்திதான். குறடு வாங்கினால் அதைக் கால்சட்டைப் பையில் வைக்காமல் வண்டியிலோ தோள்பையிலோ போட்டு வையுங்கள். அந்தக் குறடால் நட்டைத் திருகாதீர்கள், மூலைகள் தேய்ந்து நட்டு உருண்டையாகிவிடும். வளைக்க, இழுக்க, சூடானதைப் பிடிக்க, கம்பி நறுக்க என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஆபத்து. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். மடக்குக் கத்தியால் வரும் காயங்களில் மோசமானவை கூரால் மட்டும் வருவதில்லை, மடிவதால் வருகின்றன. உங்கள் அப்பாவின் கத்தியில் பூட்டு கிடையாது. திறந்த அலகை நிறுத்தி வைத்திருப்பது அந்த ஸ்பிரிங் தகட்டின் அழுத்தம் ஒன்றுதான். அலகின் கூரான பக்கத்தில் அழுத்தினால் அது மேலும் திறக்கும் திசையில் தள்ளப்படும், அங்கே மேற்கொண்டு போக வழியில்லாததால் நின்றுகொள்ளும். முதுகுப் பக்கத்திலோ நுனியிலோ அழுத்தம் விழுந்தால் மடியும் திசையில் போகும். அது போய் அடையும் பள்ளத்தைச் சுற்றித்தான் உங்கள் நான்கு விரல்களும் பிடித்திருக்கின்றன. நீளமான அலகு நெம்புகோல் மாதிரி, நுனியில் சின்ன விசை போதும். ஆகவே எதையும் திறப்பதற்கு முன் எனக்கு நானே ஒன்று கேட்டுக்கொள்வேன்: இது எந்தப் பக்கம் மடியும், அந்த வழியில் என் விரல் இருக்கிறதா?

இதை நான் கற்றுக்கொண்டது வலியோடுதான். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், ஒரு ரப்பர் வாஷரில் துளை போட வேண்டியிருந்தது. குத்தூசியைத் திறந்து, வாஷரைப் பலகைமேல் வைத்து, குத்துவது போல ஓங்கி இறக்கினேன். ரப்பர் துள்ளியது, ஊசி சாய்ந்தது, மடிந்து என் ஆள்காட்டி விரலின் நடு மூட்டில் ஏறியது. நாலு தையல். தையல் பிரித்த பிறகும் அந்த விரல் முழுசாக மடங்க ஆறு வாரம் ஆயிற்று. சரியான முறை எளிது: ஊசியின் நுனியைப் பொருளில் ஊன்றி, கை, பிடி, ஊசி மூன்றும் ஒரே கோட்டில் இருக்கும்படி மெல்ல அழுத்தி, கூரான விளிம்பு இருக்கும் பக்கமாகத் திருகுங்கள். ஓங்கிக் குத்தவே கூடாது. இதேதான் அலகுக்கும். அறுக்கலாம், சீவலாம். குத்துவதற்கும் நெம்புவதற்கும் அது உதவாது. டப்பா மூடியை நெம்ப வேண்டுமானால் பாட்டில் திறப்பானின் தட்டை நுனி இருக்கிறது, தடிமனாகச் செய்திருப்பதே அதற்காகத்தான். மின்சார வேலையிலும் ஒரு எச்சரிக்கை. சிவப்புப் பிடி பிளாஸ்டிக்தான், ஆனால் முதுகுத் தகடும் ஆணிகளும் வெறும் உலோகம். இது காப்பிட்ட கருவி அல்ல. மின்சாரம் இருக்கும் எதிலும் வைக்காதீர்கள். வண்டி பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு நடுவிலும் குறுக்கே படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பன்னிரண்டு வோல்ட்டே பொறி பறக்க வைக்கும்.

அப்படியானால் பூட்டு உள்ளதை வாங்கலாமே என்று கேட்பீர்கள். இதில் அனுபவசாலிகளுக்குள்ளேயே கருத்து ஒன்றாக இல்லை, நான் சொல்வது என் கட்சி. தடிமனான கயிறு, மரம், அட்டை என்று தினமும் பலமாக அறுப்பவருக்குப் பூட்டு நல்லது. ஆனால் பூட்டு வந்ததும் கை மெத்தனமாகிறது. பூட்டுத் தகட்டில் தூசியும் பஞ்சும் சேர்ந்தால் முழுதாக அமராது, முறுக்கினால் நழுவவும் நழுவும். மேலும் சில ரகங்களில் மூடும்போது கட்டைவிரலை அலகு வரும் வழியிலேயே வைத்துப் பூட்டை விடுவிக்க வேண்டும். டேப் கிழிக்கும் உங்கள் வேலைக்குப் பூட்டு அவசியம் இல்லை என்பேன்.

வெட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், முதலுதவிப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்தது. ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பத்து நிமிடம் பிடியுங்கள். நின்றதா என்று நடுநடுவே எடுத்துப் பார்க்காதீர்கள். வெட்டு சின்னதாகத் தெரிந்தாலும் விரல் மடங்கவில்லை, அல்லது நுனி மரத்துப்போயிருக்கிறது என்றால் தசைநாரோ நரம்போ அறுந்திருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போங்கள், டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்பதையும் அங்கே சொல்லுங்கள்.

சட்டத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: நாட்டுக்கு நாடு அளவுகோலே வேறு. பிரிட்டனில் 1988-இன் குற்றவியல் நீதிச் சட்டப்படி, பூட்டு இல்லாத, 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்கு அலகைக் காரணம் சொல்லாமலே வைத்திருக்கலாம். பூட்டு இருந்தால் அந்தச் சலுகை கிடையாது. ஜெர்மனியில் ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்திக்குத் தக்க காரணம் வேண்டும். ஜப்பானில் சிறு குற்றங்கள் சட்டம், நியாயமான காரணம் இல்லாமல் கத்தியை மறைத்து வைத்திருப்பதையே குற்றம் என்கிறது. "சின்னதுதானே" என்ற பதில் அங்கே எடுபடாது. உங்கள் அப்பாவின் கத்தியில் பெரிய அலகு சுமார் 7 சென்டிமீட்டர், பூட்டும் இல்லை. அதனால் பல இடங்களில் சிக்கல் குறைவு, ஆனால் எங்கும் சிக்கலே இல்லை என்று சொல்ல மாட்டேன். பள்ளி, நீதிமன்றம், விளையாட்டரங்கம் போகும் நாளில் வீட்டில் விட்டுவிடுங்கள். விமானத்தில் கைப்பையில் வேண்டவே வேண்டாம், சரக்காகப் போகும் பெட்டியில் போடுங்கள். அமெரிக்க விமானப் பாதுகாப்புத் துறை 6 சென்டிமீட்டருக்கு உட்பட்ட சிறு கத்திகளை அனுமதிக்கப்போவதாக 2013 மார்ச்சில் அறிவித்தது, எதிர்ப்பு கிளம்பியதும் ஜூனிலேயே கைவிட்டது. அந்த மாதிரி அறிவிப்புகளை நம்பிப் பழைய கத்தியைப் பரிசோதனை மேசையில் பறிகொடுக்காதீர்கள். என்னுடைய முதல் கத்தி அப்படித்தான் போயிற்று, கைப்பையின் பக்க அறையில் இருந்ததை மறந்துவிட்டேன்.

பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்ற எண்ணம் ஒரு மூலையில் இருந்தால், தயவுசெய்து அதை இப்போதே எடுத்துப்போடுங்கள். அலகில் இருக்கும் சிறு நகக்குழியில் நகத்தை மாட்டி இரண்டு கையால் திறக்கும் பொருள் யாரையும் காப்பாற்றாது. கையில் கத்தி வந்த கணத்தில் ஒரு வாய்ச்சண்டை கொலைக்குற்றமாகிவிடும். அது முதலில் மடிவதும் உங்கள் விரல்மேல்தான். ஒருவரைக் காயப்படுத்தும் எண்ணத்தோடு வைத்திருந்தால் அளவில் சின்னதாக இருப்பதும் சட்டத்தின்முன் உதவாது. வீட்டில் கேட்ட கேள்விக்குள் இந்தப் பயம் இருக்கலாம், அதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுங்கள். அலுவலகத்தில் நான் பழகிக்கொண்ட ஒரு முறையும் உண்டு. மற்றவர்கள் பக்கத்தில் இருந்தால் முதலில் கத்தரியைத் திறப்பேன், அதைப் பார்த்து யாரும் பின்வாங்குவதில்லை. அலகுதான் வேண்டும் என்றால் "கத்தி எடுக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லி, வேலை முடிந்ததும் உடனே மூடிவிடுவேன். இன்னொருவரிடம் கொடுக்கும்போது மூடித்தான் கொடுப்பேன்.

இனி அப்பாவின் கத்திக்கு வருவோம். ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். கொதிநீர் கூடாது, பிடி வளைந்துவிடும். சாமணத்தையும் பல்குச்சியையும் உருவி வைத்துவிட்டு, கத்தியை அரைமணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு தண்ணீருக்குள்ளேயே ஒவ்வொரு கருவியாகத் திறந்து மூடுங்கள். இறுகியதை நகத்தால் இழுத்து நகத்தை உடைத்துக்கொள்ளாமல், நகக்குழியில் ஒரு நாணயத்தின் விளிம்பைக் கொடுத்துத் தூக்குங்கள். பழைய பல்துலக்கியால் பள்ளங்களைத் தேய்த்தால் வருடக்கணக்கான பைப் பஞ்சு கருப்பாக வரும், தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டியிருக்கும். மேலோட்டமான துரு உலோகப் பாலிஷ் தொட்ட துணிக்கே போய்விடும். கறைபடாத எஃகு என்பதால் துரு உள்ளே ஆழமாகப் போயிருக்க வாய்ப்பு குறைவு. நன்றாகத் துடைத்து, எல்லாவற்றையும் விசிறி போலத் திறந்து ஒரு ராத்திரி காயவிடுங்கள். காலையில் ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரே ஒரு சொட்டு மினரல் ஆயில். சமையல் எண்ணெய் வேண்டாம், சில மாதத்தில் பசையாகி மறுபடி இறுகும்.

பிறகு கூர். மழுங்கிய அலகுதான் அதிக ஆபத்து, வெட்டாத கத்தியை நாம் அழுத்துகிறோம், அழுத்தினால் நழுவுகிறது. இந்த எஃகு, கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் அளவில் சுமார் 56தான், அதிகக் கடினம் இல்லை. சீக்கிரம் மழுங்கும், ஆனால் சாணைக்கல்லில் பத்து நிமிடத்தில் கூர் ஏறிவிடும். பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி வேண்டும். அதை அளக்க நான் செய்வது: அலகைக் கல்லின்மேல் நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள், அது தொண்ணூறு. பாதி சாயுங்கள், நாற்பத்தைந்து. அதில் பாதி, இன்னும் ஒரு துளி சாய்த்தால் இருபது. அந்தச் சாய்வை மாற்றாமல் இரு பக்கமும் சம எண்ணிக்கையில் இழுங்கள். பெட்டிக்கடைச் சக்கரச் சாணையில் மட்டும் கொடுக்காதீர்கள், சூடேறி அலகின் பதம் போய்விடும்.

கடைசியாக, கத்தி உபயோகிக்கத் தகுதியாக இருக்கிறதா என்று காது சொல்லும். அலகைத் திறக்கும்போது முடிவில் "டக்" என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும், மூடும்போதும் கேட்க வேண்டும். கேட்டால் ஸ்பிரிங் தகடு நலமாக இருக்கிறது. அலகு தொளதொளவென்று பக்கவாட்டில் ஆடினாலோ, சத்தமே இல்லாமல் தானாகச் சாய்ந்து மூடினாலோ, தகடு விரிசல் விட்டிருக்கலாம். அப்போது அதைக் கையில் எடுத்து வேலை செய்யாமல் தயாரித்தவர்களின் பழுதுப் பிரிவுக்கு அனுப்புங்கள், பழைய கத்திகளையும் அவர்கள் பார்க்கிறார்கள். "டக்" கேட்டதா, ஒரு வெற்று அட்டைப்பெட்டியை எடுத்து, அலகை உடம்பை விட்டு வெளிப்பக்கமாக இழுத்து முதல் வெட்டை அதில் போட்டுப் பாருங்கள்.